செத்தவர் தின்ற மண்டி

என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் தெனே என்று என் அம்மாவே சொல்வாள். அன்றைக்கோ கேட்கவே வேண்டாம். பெரிய பானைகள் மூன்றிலும் சோளச்சாறு நிழலில் ஆறிக்கொண்டிருந்தது. கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நான் பானைக்கும் வாசலுக்கும், வாசலுக்கும் பானைக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

விடிவதற்குள் அந்தச் சாறு கள்ளாக வேண்டும். அப்படி ஆனால்தான் மறுநாள் என் புருஷன் அர்ஸூமாவுக்குப் பெரிய கருமாதி. கள் இல்லாமல் எங்கள் பக்கத்தில் எந்தச் செத்தவரும் கிளம்பியதில்லை. மழை விழுந்துவிட்டால் அவரவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய்விடுவார்கள். பிறகு அடுத்த கோடைதான். ஏற்கெனவே இரண்டு கோடை ஓடிவிட்டது. முதல் தடவை விளைச்சல் போதாது என்றார் கொழுந்தனார் டிராவ்கோ. அடுத்த தடவை மச்சானுக்குக் கால் வீக்கம் என்றார். அண்ணன் போன பிறகு வீட்டுக்குப் பெரியவர் அவர்தானே, அவர் வைத்ததுதான் நாள்.

கருமாதி முடிகிறவரை தாலியறுத்தவள் புருஷன் வீட்டு வளவை விட்டு வேறெங்கும் குடிபோகக் கூடாது. முடிந்த அன்றைக்கு எல்லோர் முன்னாலும் கேட்பார்கள், இனிமேல் யாரோடு இருக்கப்போகிறாய் என்று. நான் டிராவ்கோ பெயரைத்தான் சொல்வேன் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்கும். குடுகூ டவுனில் ரயில் நிலையத்துக்கு எதிரே என் தங்கை எனக்காக ஒரு கள்ளுக் கொட்டகை பிடித்து வைத்திருந்தாள். இந்த மழைக்கு மேல் காத்திருக்க முடியாது, வேறு ஆளுக்கு விட்டுவிடுவேன் என்று கொட்டகைக்காரன் சொல்லியனுப்பியிருந்தான். நான் காய்ச்சினால் ரயிலே நின்று குடித்துவிட்டுப் போகும். ஆனால் முதலில் நான் போய்ச் சேர வேண்டுமே.

சாறு கை பொறுக்கும் சூட்டுக்கு வருவதற்குள் உறைக்கு வேண்டியதை எடுத்து வைக்கலாம் என்று சமையல்கட்டுக்குப் போனேன். போன தடவைக் கள்ளின் அடிமண்டியைத் துணியில் வடித்து, வில்லை வில்லையாகத் தட்டிக் காயவைத்து, அடுப்புக்கு மேலே புகை படாத மூலையில் மூட்டையாகக் கட்டித் தொங்கவிட்டிருப்பேன். நாலைந்து வில்லையை வெதுவெதுப்பான சாற்றில் கரைத்து வைத்தால் பொழுது சாய்வதற்குள் நுரைத்துக்கொண்டு எழும்பும். அதுதான் உறை. அதைப் பெரிய பானைகளில் ஊற்றினால் மிச்ச வேலையை அது பார்த்துக்கொள்ளும்.

துணி அங்கேதான் தொங்கியது. உள்ளே ஒன்றுமில்லை. அவிழ்த்துவிட்டு, திரும்ப ஒழுங்காக முடிச்சும் போட்டு வைத்திருந்தார்கள்.

அப்போதுதான் வாசனை மூக்கில் ஏறியது. முற்றத்தில் குழம்பு. மண்டி போட்டுக் கொதித்த குழம்பின் வாசனை எனக்குத் தெரியாதா? வெறும் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினேன். புருஷனின் அக்கா வீட்டு ஜனம் காலையில்தான் வந்து இறங்கியிருந்தது. எல்லோரும் பெரிய சட்டியைச் சுற்றி உட்கார்ந்து, சிரிப்பும் அழுகையுமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் என் புருஷன் விரலைச் சப்பிக்கொண்டிருந்தார்.

பயப்பட வேண்டாம். அது சிப்து. மூத்தாளின் மகனைக் கட்டிக்கொண்டு வந்தவள், எனக்கு மருமகள் முறை. எங்களில் ஒரு ஆண் செத்தால், கருமாதி முடிகிறவரை விசேஷம் வரும்போதெல்லாம் வீட்டு மருமகள் ஒருத்தி அவராக நடக்க வேண்டும். அவர் உடுப்பைப் போட்டு, அவர் மாதிரி நடந்து, அவர் மாதிரி பேச வேண்டும். குரிட்டா என்போம். மற்ற நாட்களில் சிப்து வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் பேசுவாள், அதுவும் பக்கத்தில் இருக்கும் கோழிக்குக்கூடக் கேட்காது. ஆனால் அர்ஸூமாவின் நீலச் சட்டையை மாட்டி, ஓரம் கிழிந்த அந்தக் குல்லாவை வைத்து, தடியை எடுத்தாளோ, இடது கால் தானாக இழுபடும். தொண்டையை அவர் செருமுகிற மாதிரியே செருமுவாள். முதல் தடவை கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அப்புறம் அந்த உருவத்தோடும் பழையபடி சண்டை போட ஆரம்பித்துவிட்டேன். பழக்கம் விடுமா?

என் புருஷனுக்கு ஒரு கெட்ட வழக்கம் உண்டு. நான் பார்க்காத நேரமாகச் சமையல்கட்டுக்குள் புகுந்து, மண்டி வில்லை ஒன்றை உடைத்துத் தன் குழம்பில் தூவிக்கொள்வார். கையும் களவுமாகப் பிடித்தால், "உன் மண்டி எங்கடி போயிடும், என் வயித்துலதான இருக்கு" என்று இளிப்பார். ஊருக்கே தெரிந்த கதை. அக்கா வீட்டு ஜனம், தம்பியைக் கடைசியாக ஒரு தடவை பார்க்கிறோம், அந்தத் திருட்டைச் செய்து காட்டு என்று கேட்டிருக்கிறார்கள். சிப்துவும், இந்த வேஷம் நாளையோடு முடிகிறது, குறை வைக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறாள். அவர் எடுப்பது ஒரு வில்லை. இத்தனை பேர் சட்டிக்கு ஒரு வில்லை எந்த மூலைக்கு? மூட்டையையே கொட்டிவிட்டாள்.

கை ஓங்கிவிட்டேன். ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது. அந்த உடுப்பில் இருக்கும்போது அவளை அடித்தால் செத்தவரை அடித்த மாதிரி. திட்டினாலும் அவரைத் திட்டின மாதிரி. குல்லாவுக்குக் கீழே அவள் கண் என் கையிலிருந்த துணியைப் பார்த்தது. அந்த நிமிஷம்தான் அவளுக்கு விளங்கியது. முகம் செத்துப்போய்விட்டது. ஆனாலும் நீட்டிய இடது காலை அவள் மடக்கவில்லை.

நான் விஷயத்தைச் சொன்னேன். பக்கத்து வளவில் மண்டி வாங்கலாமே என்று அக்கா மகன் ஒருவன் கேட்டான், வெளியூரில் வளர்ந்தவன். கருமாதிக் கள்ளுக்குச் செத்தவர் வீட்டு மண்டிதான் உறை. அடுத்த வீட்டு மண்டியைப் போட்டால் அந்த வீட்டுச் செத்தவர்களும் சேர்ந்து வந்து குடித்துவிட்டு, போகமாட்டேன் என்று உட்கார்ந்துகொள்வார்கள். ரொட்டிக்காரனின் ஈஸ்ட்டைப் போட்டாலோ பெரியவர்கள் முதல் வாயிலேயே துப்பிவிடுவார்கள்.

டிராவ்கோ இரண்டாம் தடவை போட்டுச் சாப்பிட்ட கையை நிதானமாகத் துடைத்துக்கொண்டு பேசினார்.

"இதுல யாரையும் குத்தம் சொல்ல முடியாது அண்ணி. அண்ணனே எடுத்துச் சாப்பிட்டிருக்காரு. அப்படின்னா என்ன அர்த்தம்? அவருக்கு இன்னும் போக மனசு வரல. மழை முடியட்டும், பாத்துக்கலாம்."

பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையை ஆட்டினார்கள். அதுவரை எனக்குக் கோபம்தான் இருந்தது. இப்போது பயம் பிடித்துக்கொண்டது. கள் புளித்துப்போனால் என் தப்பு, வேறு கள் காய்ச்சலாம். செத்தவருக்கே மனசில்லை என்று பெரியவர்கள் முடிவு கட்டிவிட்டால் யாரிடம் போய் முறையிடுவது? குடுகூவும் கொட்டகையும் என் கண் முன்னாலேயே கை நழுவிப் போனது.

சிப்துவைத்தான் திட்டக் கூடாது. புருஷனைத் திட்டலாமே. எதிரில்தானே உட்கார்ந்திருக்கிறார்?

"யோவ் அர்ஸூமா," என்றேன். "உசுரோட இருந்தப்பவும் என்னோடத தின்ன. செத்தும் தின்னுட்ட. போக மனசில்லையா உனக்கு? இங்க என்னய்யா வச்சிருக்க? இந்தக் கையால எத்தன பானை காய்ச்சி உனக்கு ஊத்தியிருப்பேன்? ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, நல்லா இருக்கு தெனேன்னு சொல்லியிருப்பியா?"

முதலில் சிரித்தார்கள். குரிட்டாவோடு பொண்டாட்டி சண்டை போடுவது விசேஷங்களில் நடப்பதுதான். ஏனென்றால் அந்தக் கதையும் ஊருக்குத் தெரியும். எப்பேர்ப்பட்ட கள்ளைக் கொடுத்தாலும் என் புருஷன் ஒரு வாய் குடித்துவிட்டு, "போன தடவை இதவிட நல்லா இருந்துச்சு" என்பார். "அப்ப போன தடவைக்கே போய்க் குடி" என்பேன் நான். கல்யாணமான மறு வாரம் தொடங்கிய பேச்சு, அவர் படுக்கையில் விழுகிறவரை ஓடியது. கேட்கிறவர்களுக்கு அது வேடிக்கை. எனக்கு ஒவ்வொரு தடவையும் சுருக்கென்றுதான் இருந்தது.

என் குரல் உடைந்ததும் சிரிப்பு நின்றது. நான் நிறுத்தவில்லை. என்னை எவனுக்கோ கட்டிக்கொடுத்துவிட்டுப் போகத்தான் இத்தனை நாள் உட்கார்ந்திருந்தாயா என்று கேட்டேன். டிராவ்கோவின் முகத்தைப் பார்க்காமல்தான் கேட்டேன், ஆனால் எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

செத்தவர் பதில் சொல்ல வேண்டிய முறை. சிப்து தடியால் மண்ணைக் கீறிக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து, காலை இழுத்துக்கொண்டு அர்ஸூமாவின் குடிசைக்குள் போனாள். திரும்பி வந்தபோது கையில் அவருடைய சுரைக்கிண்ணம் இருந்தது.

செத்தவர் குடித்த கிண்ணத்தைக் கருமாதிவரை கழுவுவதில்லை. அன்றைக்குக் கடைசி வாய் குடித்ததும் உடைத்துவிடுவோம். அதுவரை குரிட்டா மட்டும் அதில் குடிப்பாள். போன சந்தையன்று பெரியவர்கள் கூடி நாள் குறித்தபோதுகூட, நான் காய்ச்சிய கள்ளை அதில்தான் அவளுக்கு ஊற்றினேன். குடிக்கக் குடிக்க, காயக் காய, அடியில் மண்டி சாம்பல் நிறத்தில் பொருக்குப் பொருக்காகப் படிந்திருந்தது. என் மண்டி. இந்த வீட்டு மண்டி. நான் அதை நினைக்கவே இல்லை. கிண்ணம் என்றால் எனக்கு அவர் வாய்தான் ஞாபகம் வரும்.

"உன் மண்டி எங்கடி போயிடும்," என்று அவர் குரலில் சொல்லி, கிண்ணத்தை என் கையில் வைத்தாள். குரல் ஆடவில்லை.

டிராவ்கோ எழுந்துவிட்டார். "அதெல்லாம் ஆகாது. நாளைக்கு உடைக்கிற வரைக்கும் அண்ணன் கையத் தவிர வேற கை அதைத் தொடக் கூடாது. குடுக்கவும் கூடாது."

சிப்து மெதுவாக அவர் பக்கம் திரும்பினாள். தொண்டையைச் செருமினாள்.

"டேய். இது யாரு கை?"

தடியால் தரையைக் காட்டினாள்.

"உக்காரு," என்றாள்.

டிராவ்கோ உட்கார்ந்தார். தினமும் காலையில் கால் கழுவத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அவளை விரட்டுகிற மனுஷன். சொன்னது அண்ணன், என்ன செய்ய முடியும்? பெரியவர்களில் மூத்தவர் மட்டும், கிண்ணத்துக்கு உரியவரே கொடுத்துவிட்டார், வாங்கினவள் எழுப்பிக் காட்டட்டும், எழும்பினால் அவருக்குப் போக மனசு, எழும்பாவிட்டால் மழைக்கு அப்புறம் என்றார். அதோடு என் தலையெழுத்து அந்தக் கிண்ணத்துக்குள் போய்விட்டது.

சாற்றில் முழங்கையைத் தொட்டுச் சூடு பார்த்தேன். இன்னும் கொஞ்சம் ஆறட்டும் என்றது கை. மனசு கேட்கவில்லை. நல்லவேளை, கைதான் ஜெயித்தது. சூட்டில் ஊற்றியிருந்தால் இருந்த கொஞ்சமும் வெந்து செத்திருக்கும். ஆறிய பிறகு கிண்ணத்தில் பாதிக்கும் குறைவாக ஊற்றி, விரலால் பொருக்கைத் தேய்த்துக் கரைத்தேன். இன்னொரு கிண்ணத்துக்கும் இதற்குமாக மாற்றி மாற்றி உயரத் தூக்கி ஊற்றிக் காற்று காட்டினேன். பிறகு ஈர மணலில் பதித்து, மேலே துணி போட்டு மூடினேன். வெயில் அப்படி. வெறும் தரையில் வைத்தால் பணியாரமாகிவிடும்.

இனிமேல் சும்மா இருக்க வேண்டும். அதுதான் எனக்கு வராதே.

துணியைத் தூக்கிப் பார்த்தேன். தேநீர் மாதிரி கிடந்தது. பெரிய பானைகளைச் சுற்றி வந்தேன். திரும்பத் தூக்கினேன். அப்படியே கிடந்தது. கிழக்கிலிருந்து காற்று புழுதியை வாரிக்கொண்டு வந்தது, பானைகளுக்கெல்லாம் பாய் போட்டு மூடினேன். மூடிவிட்டு மறுபடியும் ஓடிவந்து துணியைத் தூக்கினேன். பேசாமல் அப்படியே பெரிய பானையில் கொட்டிவிடலாமா, அங்கே போயாவது முழித்துக்கொள்ளாதா என்று கிண்ணத்தை எடுக்கக் குனிந்தேன். குறுக்கே தடி நீண்டது. சிப்து பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கருமாதி முடிகிறவரை அவள் அந்த உடுப்பைக் கழற்ற முடியாது.

"சிப்து," என்றேன் காதோடு. "இது எழும்புமாடி?"

அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எனக்கென்ன தெரியும், காய்ச்சுறவ நீ," என்றார் அர்ஸூமா.

அச்சு அசல் அவர்தான். வந்த ஆத்திரத்தில் எழுந்து போய்விட்டேன். போன இடத்தில் நின்று யோசித்தால், பாதி பயம் போயிருந்தது. சரிதானே, காய்ச்சுகிறவள் நான்தானே? திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். முழங்காலைக் கையால் கட்டிக்கொண்டு, வானத்தைப் பார்க்காமல் உட்கார்ந்தேன். இரண்டு சொட்டு மழை கையில் விழுந்தது. முந்தானையில் துடைத்துக்கொண்டேன்.

வெயில் சாய்கிற நேரம், காதை வைத்துக் கேட்டேன். புஸ்ஸென்று மெல்லிய சத்தம். துணியைத் தூக்கினால் ஓரத்தில் எச்சில் கோடு மாதிரி வெள்ளையாக ஒரு வளையம். நான் பார்க்கப் பார்க்க அதில் ஒரு குமிழி வந்து உடைந்தது. பிறகு இன்னொன்று. "ஆத்தாடி," என்று மட்டும்தான் சொன்னேன். பக்கத்தில் தடி கீழே விழுந்தது. அர்ஸூமா தடியை என்றைக்கும் கைநழுவ விட்டதில்லை.

அவசரப்படவில்லை. நான்தான் சொல்கிறேன், நம்புங்கள். கிண்ணத்தில் இருந்ததைச் சின்னப் பானைக்கு மாற்றி, இன்னும் கொஞ்சம் சாறு ஊற்றி, அது நுரைத்தொப்பி போட்டுக்கொண்டு எழும்புகிறவரை காத்திருந்தேன். மூத்தவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு, சரி, கிளம்பட்டும் என்றார். விளக்கேற்றுகிற நேரத்துக்கு மூன்று பானைக்கும் பிரித்து ஊற்றினேன். மழை வந்த வழியே புழுதியைக் கிளப்பிவிட்டுப் போய்விட்டது.

விடிந்தபோது மூன்று பானையும் நுரைத்து வழிந்துகொண்டிருந்தது. கொஞ்சூண்டு உறை அல்லவா, இனிப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. இளசுக் கள். சந்தையில் வைத்திருந்தால் நானே விற்றிருக்கமாட்டேன்.

மண்ணில் ஊற்ற வேண்டியதை ஊற்றிய பிறகு, அந்தக் கிண்ணத்தை நிறைத்துச் செத்தவரிடம் நீட்டினேன். கூட்டம் முழுக்க எழுந்து நின்றது. அந்தப் 'போன தடவை' பேச்சைக் கடைசியாக ஒரு தடவை கேட்கத்தான் அக்கா வீட்டு ஜனம் அவ்வளவு தூரம் வந்திருந்தது. என் பதிலும் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

சிப்து அண்ணாந்து முழுவதையும் குடித்தாள். சட்டைக் கையால் வாயைத் துடைத்தாள். செருமினாள்.

"நல்லா இருக்கு தெனே," என்றாள் அவர் குரலில். "போயிட்டு வா."

கூட்டம் சலசலத்தது. என் தம்பி இப்படிப் பேசினதே இல்லையே என்று அக்கா கையை உதறினாள். தப்பாகச் சொல்கிறாள், திரும்பச் சொல்லச் சொல்லுங்கள் என்று டிராவ்கோ முன்னால் வந்தார். இரண்டு கோடையாக ஒரு செருமல்கூடத் தவறாதவள், கடைசிப் பேச்சில் தவறிவிட்டாள் என்று எல்லோருக்கும் ஏமாற்றம். டிராவ்கோ கிட்டே வருவதற்குள் அவள் கிண்ணத்தைக் கல்லில் ஓங்கி அடித்தாள். அது நாலாக உடைந்தது. பிறகு குல்லாவைக் கழற்றினாள். அவ்வளவுதான், அங்கே வாயைக் கையால் மூடிக்கொண்டு சிப்து நின்றாள். அவளிடம் திரும்பச் சொல்லச் சொல்லி யார் கேட்பது?

அது பொய் என்று எனக்குத் தெரியும். அந்த மனுஷன் சாகும்போதுகூட அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குரலில், அந்தச் சட்டையில் இருந்து அதைக் கேட்டதும் எனக்கு உள்ளே என்னவோ அறுந்துவிட்டது. புதைத்த அன்றைக்கு நான் அழவில்லை என்று ஊரே பேசியது. இப்போது மூக்கு ஒழுக ஒழுக, முந்தானையைக் கடித்துக்கொண்டு அழுதேன். யாரோடு போகிறாய் என்று மூத்தவர் கேட்டபோதுகூட விக்கல் நிற்கவில்லை. குடுகூ, தங்கச்சி, என்று இரண்டு வார்த்தைதான் வந்தது. செத்தவரே போயிட்டு வா என்றாரே, எல்லோரும் கேட்டோமே என்றார் மூத்தவர். டிராவ்கோ வானத்தைப் பார்த்தார். அதில் ஒரு மேகம்கூட இல்லை.

இரண்டு நாளில் மண்டியை வடித்துக் காயவைத்து இரண்டு துணியில் கட்டினேன். ஒன்று எனக்கு. இன்னொன்றை அடுப்புக்கு மேலே பழைய இடத்தில் தொங்கவிட்டுச் சிப்துவிடம் காட்டினேன். இது இனிமேல் உன்னுது, குழம்பில் போட்டால் நானே வந்து காலை உடைப்பேன் என்றேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

லாரியில் சோளமூட்டை மேல் ஏறி உட்கார்ந்தேன். சிப்து கீழே நின்று என் பானையைத் தூக்கிக் கொடுத்தாள். அன்றைக்குக் கள் நிஜமாகவே நன்றாக இருந்ததா என்று அவளிடம் கேட்க வேண்டும் என்று இருந்தது, கேட்க வாய் வரவில்லை. வண்டி உறுமியது. அப்போது அவள் வாயிலிருந்து கையை எடுத்தாள். சட்டை இல்லை, குல்லா இல்லை, அவளுடைய அந்தச் சின்னக் குரலில்தான் சொன்னாள்.

"போன தடவை இதவிட நல்லா இருந்துச்சு அத்த."

"அப்ப போன தடவைக்கே போய்க் குடிடி," என்று கத்தினேன். லாரி நகர்ந்துவிட்டது. இருந்தாலும் அவளுக்குக் கேட்டிருக்கும், என் தொண்டை அப்படி.